வேலையைப் பற்றிக் கேட்கப் போன நாட்கள்

நேற்று மதிய இடைவேளையில் நீதிமன்றத்துக்கு என்னைத் தேடி ஒரு பெண் வந்தாள். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை. அவள் வாய் திறக்குமுன்பே மீன் கட்லட்டின் மணம் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

"மிஸ், நான் வேலை கேட்டு வரேல்ல. உங்கட வேலை எப்பிடி எண்டு கொஞ்சம் கேட்டுப்போகத்தான் வந்தனான்" என்றாள்.

இதே பேச்சை, இதே மாதிரி ஒரு பையை நீட்டிக்கொண்டு, நீ எத்தனை வாசல்களில் பேசியிருப்பாய்!

நாம் இருவரும் வேலை பார்த்த பயண முகவர் நிலையத்தை மூடியபோது நமக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நான் வெள்ளவத்தை ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். நீதான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்து, திறக்கும்வரை தட்டினாய். "வேலை கேட்டாத்தான் ஆக்கள் மூஞ்சியத் திருப்புவாங்க. அவங்கட வேலையப் பத்திக் கேட்டுப் பாரு, கதிரை போட்டுக் கதைப்பாங்க" என்றாய்.

அப்படித்தான் நடந்தது. தெஹிவளையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஒரு பெண், துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றும் ஒருவர், பாஸ்போர்ட் படத்துக்கு அழுகிற குழந்தைகளைச் சிரிக்கவைத்தே களைத்துப்போன ஸ்டூடியோக்காரர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். நான் படிப்பு, பரீட்சை, பதவியுயர்வு பற்றிக் கேட்பேன். நீ கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பாய்: "வேலை முடிஞ்சு வீட்ட போனா எப்பிடி இருப்பீங்க?" அதற்குத்தான் எல்லாரும் யோசித்துப் பதில் சொன்னார்கள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான அந்த அம்மாவை மறந்திருக்க மாட்டாய். தமிழ்ச் சாட்சி சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்வது அவருடைய வேலை. "சாட்சி 'நான்' எண்டு சொன்னா நீங்களும் 'நான்' எண்டுதான் சொல்லோணும். 'அவர் சொல்றார்' எண்டு சொல்லக் கூடாது" என்று விளக்கினார். பிறகு நீ உன் கேள்வியைக் கேட்டாய். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பகல் முழுக்க மற்றாக்களுக்காகக் கதைக்கிறன், பிள்ளை. வீட்ட போனா எனக்கெண்டு கதைக்க ஒண்டும் மிஞ்சிறேல்ல."

வெளியே வந்ததும், எனக்கு இந்த வேலைதான் என்றேன்.

"அவ கடைசியாச் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்தது."

"அப்ப பின்னேரத்தில எனக்குக் கோல் எடு."

பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, ஒவ்வொரு பின்னேரமும் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்குக் கதையை நான் தொடங்கினாலே வெட்டிவிடுவாய். "கோர்ட் கதை போதும். உன்ட கதையச் சொல்லு." சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் என்ன கறி சமைத்தேன் என்றாவது சொல்லவைப்பாய்.

உனக்கென்று ஒரு வேலையை நீ கடைசிவரை தேர்ந்தெடுக்கவில்லை. "எல்லார்ட வேலையும் ஆசையா இருக்கேடி" என்று சிரிப்பாய். தற்காலிகமாக என்று சொல்லிப் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றின் அலுவலகத்தில் சேர்ந்தாய். அங்கே இருக்கும்போதுதான் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் சிங்கள டொக்டர் உன் கட்டிலருகே வந்தார். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுபவள் நீ. ஆனால் உன் குரல் வெறும் காற்றாகிப் போயிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாய்: "எனக்குப் பயமா இருக்கு. சொல்லு."

நான் நிமிர்ந்து நின்று சிங்களத்தில், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். தொழில் பழக்கம். டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கா, நோயாளிக்கா?"

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சத்தமே இல்லாமல் சிரித்தாய், தோள் குலுங்கக் குலுங்க. டொக்டரும் சிரித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்யப்போவதையெல்லாம் ஆறுதலாக விளக்கினார். ஒரு சொல் விடாமல் உனக்குச் சொன்னேன். அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய்.

நேற்று வந்தவள் நல்ல கேள்விகள்தான் கேட்டாள். உன் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அவள் எழும்பியபோது நானாகவே சொன்னேன்: "இந்த வேலைக்கு வாறதெண்டா, பின்னேரத்தில கதைக்க ஒரு ஆளைப் பார்த்து வைச்சுக்கொள்ளுங்கோ." பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

இடைவேளை முடிந்து சாட்சிகள் வந்தார்கள். எல்லாருக்காகவும் "நான்", "நான்" என்று சொல்லி முடித்துவிட்டு ரயிலேறினேன். வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான், மதியத்துக்குப் பிறகு எனக்காக ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உறைத்தது. டொக்டருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போது தெரிகிறது: எங்கள் இரண்டு பேருக்கும். உன் பயம் உன்னோடு முடிந்தது. என்னுடையது பின்னேரங்களில் இந்த ஃபிளாட்டுக்குள் என்னோடு நுழைகிறது.

நேற்று பருப்புக்கறி வைத்தேன். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு.