ஏழாம் நம்பருக்கு ஏன் வைத்தாய்?

நேற்று மதியம் உன் மனைவி தோல் மண்டிக்கு வந்திருந்தாள். உப்புத்தோல் வாடை அவளுக்கு ஆகாது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்று ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். நீ போய் இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் உன் அலமாரியை ஒழிக்கிறாளாம். பைக்குள், நாம் கடைசியாக ஊட்டிக்குப் போனபோது நீ வாங்கிய ரேஸ் புத்தகம்.

நான்காவது பந்தயத்தில் ஏழாம் நம்பர் குதிரையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாய். கீழே உன் கையெழுத்து: "பாய் சொன்னது. தோத்துப்போச்சு."

அவ்வளவுதான். அந்தக் குதிரைக்கு என்ன விலை, ஜெயித்தால் ஒன்றுக்கு எத்தனை கொடுப்பார்கள் என்று எழுதவில்லை. ஒரு தலை வித்தியாசத்தில்தான் தோற்றது என்றும் எழுதவில்லை. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் எழுதுகிற குறிப்பா இது? படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகும் என்னைக் கடுப்பேற்ற உன்னால்தான் முடியும்.

பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தினாய். ஆனால் மே மாதம் மலையேறியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஊரே பணம் கட்டுகிற பேவரைட் குதிரைக்குத்தான் நீயும் கட்டுவாய். இரண்டு தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும் குதிரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தால் போட்டதில் பாதிதானே மேற்கொண்டு கிடைக்கிறது? நாள் முழுக்க அப்படியே கட்டினால் கை காலியாகத்தானே செய்யும்? எது ஜெயிக்கும் என்று பார்க்காதே, கொடுக்கிற விலைக்கு எது தகும் என்று பார் என்று எத்தனை வருஷம் உனக்குச் சொல்லியிருப்பேன்.

எனக்கு இது மண்டியில் கிடைத்த புத்தி. குஜிலியம்பாறைப் பக்கத்து ஆடுகள் முள்ளுக்காட்டில் மேய்பவை. தோலில் கீறல் இருக்கும். எல்லா வியாபாரியும் கீறல் இல்லாத தோல்கட்டைச் சுற்றி நின்று விலையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, நான் ஓரமாகக் கிடக்கும் கீறல் தோலைப் புரட்டிப் பார்ப்பேன். கனம் நன்றாக இருக்கும், விலை பாதிதான். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். "ஜெயிக்கிற பக்கம் நின்னு கத்தணும் பாய். அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வாரேன்."

அதற்கு மேல் நான் பேசினால் உன்னிடம் ஒரு அஸ்திரம் உண்டு. நான் ஒரு பைசா வைத்ததில்லை. எங்கள் மார்க்கத்தில் அது ஆகாது. உன்னோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு போவதற்கும், குதிரைகளைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும்தான் வந்தேன். "வெக்காதவன் கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்" என்பாய். ஆறாம் வகுப்பிலிருந்து பழகியவனுக்கு எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்தக் கடைசித் தடவை, நான்காவது பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டினார்கள். ஏழாம் நம்பர் பார்க்க ஒல்லி. முன்காலில் பழைய தழும்பு. பந்தயப் பணம் வாங்குகிறவர்கள் ஒன்றுக்குப் பத்து என்று கூவினார்கள். இது ஐந்துக்கு ஒரு தடவை ஜெயிக்கும், பத்து கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். நீ பணம் கட்டுகிற பக்கம் போனாய். திரும்பி வந்து சீட்டைக் காட்டினாய். ஏழு.

நான் சொல்லி ஒருவன் பணம் வைத்தால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லையா? அந்தப் பயத்திலும், ஓட ஆரம்பித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் ஏழு முன்னால் வந்தது. முடிகிற இடத்தில், நீ வழக்கமாகக் கட்டுகிற அந்தப் பேவரைட் வந்து ஒரு தலை முந்திவிட்டது. சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். நீ சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

திரும்பும்போது கோயம்புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து நான் விடவில்லை. தோற்றாலும் அது சரியான பந்தயம்தான் என்றேன். ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது, இதே மாதிரி நூறு பந்தயம் பார்த்தால்தான் தெரியும் என்றேன். பழனி தாண்டியதும் கேட்டாய்: "அம்புட்டு மே மாசம் நம்மகிட்ட இருக்கா பாய்?"

"பேச்ச மாத்தாத வாத்தியாரே" என்றேன். நீ ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாய். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரைக்கும் நான் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஜனவரியில் நீ போய்விட்டாய். நோய் திடீரென்று முற்றிவிட்டது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொன்னார்கள். நேற்று மண்டி வாசலில் உன் மனைவி மெதுவாகச் சொல்கிறாள், மதுரையில் எடுத்த ரிப்போர்ட் நாம் ஊட்டிக்குப் போவதற்கு முந்தின ஏப்ரலிலேயே வந்துவிட்டதாம். ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பாய்ட்ட சொல்லாத, தெரிஞ்சா ஊட்டிக்கு வரமாட்டான்" என்று நீதான் அவள் வாயைக் கட்டினாயாம்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இனி ஒரு மே மாதம் வராது என்று தெரிந்தே என் குதிரைக்கு வைத்திருக்கிறாய். என் கணக்கை நம்பியா, இல்லை, இத்தனை வருஷம் கத்தியவனுக்கு ஒரு தடவையாவது விட்டுக்கொடுக்கலாம் என்றா? கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். ராத்திரி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டுதான் கிடந்தேன்.

நான் சொன்ன கணக்கு இன்றைக்கும் சரிதான். அதில் ஒரு எண்ணைக்கூட மாற்றமாட்டேன். ஆனால் நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன் பேவரைட்டுக்கே வை என்று நானே உன்னைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அது ஜெயித்தபோது, உன் பக்கத்தில் நின்று நானும் கத்தியிருப்பேன்.