கண்ணாடியைத் தேய்த்த பாவம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாய் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், யார் மூலம் என்று பிறகு சொல்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. அப்பாவுக்குப் போன மாதம் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது, இப்போது பார்வை தெளிவு. உனக்குச் சொல்லவில்லை, சொல்வதற்கு நீ போனை எடுக்க வேண்டுமே.

உன் மீன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன ஆறு மலையோடை மீன்களில் இரண்டு செத்துவிட்டன. கொன்றது நான்தான், மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். வேளை தவறாமல் தீனி போட்டேன், தண்ணீர் சூடாகக் கூடாதென்று முன்னறை ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பச்சையாய்ப் படிந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை ஆசையாய் வைத்ததை இப்படியா போட்டு வைப்பாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, வாரா வாரம் பழைய பல் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிடுவேன். கண் கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே தொட்டி முன்னால்தான் போய் நின்றார். கண்ணாடியில் அப்பிக்கொண்டு வயிற்றைக் காட்டுமே, அந்த வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாயிருந்து என்ன பிரயோசனம். மறுநாள் ஒன்று போனது, அதற்கடுத்த நாள் இன்னொன்று.

மீன் கடைக்காரரை வரவழைத்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பச்சைதாம்மா அதுங்களுக்குச் சோறு, நாள் பூரா அதைச் சுரண்டித் தின்னுதான் உயிர் வாழும், நீங்க போடற உருண்டை மட்டும் எப்படிப் பத்தும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்க பையன் ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல மீனைப் பத்திக் கேப்பாரே, அம்மா நல்லா பாத்துக்கறாங்கன்னு நானும் சொல்லிட்டு இருந்தேனே என்று அங்கலாய்த்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்களோடு நீ பேசி மூன்று மாதம் ஆகிறது. கேட்டால் வேலை, தலை நிமிர நேரமில்லை என்பாய். அப்பா, கண்ணுக்கு மருந்து விடணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மருந்து விடுவது நான் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

மிச்சமிருந்த நாலையும் தொட்டி, மோட்டாரோடு கடைக்காரரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். கல்லைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்துப் பாசி பிடிக்க வைத்துக் கொடுப்பாராம், பிழைத்துக்கொள்ளும். கோபத்தில் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், கோபம்தான். இந்த வீட்டில் இனி நீ விசாரிக்க நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி.

வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடியில்லாமல் நன்றாயிரு, என்ன வருத்தம் இருந்தாலும் அந்த வாழ்த்தில் குறை வைக்க மாட்டேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி இடது கண் ஆபரேஷன். கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ பேசும்போது ஞாபகப்படுத்துவார்.

இப்படிக்கு,
உன் அம்மா