நெட்டி சாகாத எட்டாம் பாகம்

மார்ச் 4, செவ்வாய்

துப்பறியும் கதையின் எட்டாம் பாகம் ஒருவழியாக வந்துவிட்டது. தபால் விமானத்தில், ஆட்டு மருந்துப் பெட்டியோடு. அட்டையில் இன்ஸ்பெக்டர் விண்டல் படகு ஓட்டுகிறார். தண்ணீரைக் கண்டாலே அவருக்கு நடுக்கம் என்று நாலாம் பாகத்தில் எழுதியது யார்? இதே எழுத்தாளர் அம்மாள்தானே! எழுதியவளுக்கே ஞாபகம் இல்லை, நான் மட்டும் எதற்கு மண்டையில் சுமக்கிறேன்?

ரேடியோவில் பக்கத்துப் பண்ணை லோர்னாவிடம் சொன்னேன். "வந்துடுச்சா? சரி, ஆறு மணிக்கு ரேடியோவுக்கு வரேன்" என்றாள். புருஷன் மெர்வ் போனதிலிருந்து அவள் இவ்வளவு பேசியதே இல்லை. மாட்டு மந்தையை ஓட்டி வர அவர் எடுத்துப் போன ஹெலிகாப்டர் அவள் கண் முன்னாலேயே விழுந்தது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

மார்ச் 5

படிக்க ஆரம்பித்தாயிற்று. லோர்னாவுக்கு எழுத்து தெரியாத அளவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அவள் பண்ணை அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். நான் ரேடியோவில் வாசிப்பேன், அவள் கேட்பாள். நான் தனியாக ஒரு பக்கம்கூட முன்னால் போகக் கூடாது. அது எங்கள் சத்தியம்.

அதே சேனலில் பாதி ஜில்லாவும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சாலை சமன் செய்யும் வண்டிக்காரர் டூலன் நடுவில் புகுந்து, "என்னம்மா க்ளெனிஸ், முப்பது பக்கமாச்சு, இன்னும் ஒரு பிணம்கூட விழலியே!" என்றார். நியாயம்தான். முப்பது பக்கத்தில் பாதி பழைய கதையின் சுருக்கம், பாக்கி மழை.

மார்ச் 7

இந்த எழுத்தாளர் அம்மாள் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி நறுக்கென்று கேட்பேன்.

நாற்பத்தோராம் பக்கம். சார்ஜென்ட் நெட்டி — லோர்னாவின் செல்லம், ஏழு பாகமாக விண்டலைத் திட்டித் திட்டியே உயிரோடு காப்பாற்றியவள் — ஹெலிகாப்டர் விழுந்து செத்துப் போகிறாள். நாலே வரி! வேறு சாவே கிடைக்கவில்லையா உனக்கு?

வாய் ஹெலிகாப்டர் விழுந்த வரியில், கண் அடுத்த வரியில். ரேடியோ பொத்தானை அமுக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன். பிறகு, "கையில் சின்னச் சிராய்ப்போடு நெட்டி எழுந்து வந்தாள்" என்று வாசித்தேன்.

பொத்தானை விட்டதும், அப்பாடா என்று லோர்னா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மார்ச் 8

வீட்டுக்காரர் ரோஸ் காலையிலிருந்து சிரிக்கிறார். "இன்னும் முன்னூறு பக்கம் இருக்கு. பொணத்தை நடக்க வைக்கப் போறியா?" கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது?

சத்தியமும் போயிற்று. மத்தியானமே முன்னால் படித்து, எங்கெங்கே அழுகிறார்கள் என்று பென்சிலால் குறித்து வைத்தேன்.

மார்ச் 11

சவ அடக்கத்தைப் பிறந்த நாள் விருந்தாக்கினேன். வேறு வழி?

"ஏண்டி, பொறந்த நாளுக்குப் பாதிரியார் எதுக்கு வந்தாரு?" என்று கேட்டாள் லோர்னா.

"கேக் சாப்பிட" என்றேன்.

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! அடுப்பில் ஆட்டுக்கறி சாப்ஸ் கருகிக்கொண்டிருந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 14

டூலன் நாசமாய்ப் போக.

பொறுக்க முடியாமல் லாங்ரீச் டவுனில் சொந்தமாக ஒரு பிரதி வாங்கியிருக்கிறார். நெட்டி துப்பாக்கியோடு ஓடுவதை நான் உற்சாகமாக வாசிக்கும்போது குறுக்கே வந்தார். "இரும்மா, இரு! நெட்டிதான் நாப்பத்தொண்ணாம் பக்கமே ஹெலிகாப்டர் விழுந்து செத்துட்டாளே! நீ எந்தப் புஸ்தகத்தைப் படிக்கிற?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. "ஐயோ" என்றார்.

லோர்னா, லோர்னா என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்.

மார்ச் 15

வரவில்லை.

மார்ச் 16

இன்றும் ரேடியோவுக்கு வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்றால், "விடு, அவளா வரட்டும்" என்கிறார் ரோஸ். மறுபடி பழையபடி வாயை மூடிக்கொண்டு, தனியாக அந்த வீட்டில்... நல்லது செய்கிறேன் என்று கிளம்பி என்ன செய்து தொலைத்தேன்! என்னை யார் கதை எழுதச் சொன்னார்கள்?

மார்ச் 17

ஆறு மணிக்கு ரேடியோவில் அவளே கூப்பிட்டாள்.

"நாப்பத்தொண்ணு. உள்ளது உள்ளபடி படி."

"லோர்னா, வேண்டாம்டி..."

"எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி சுத்திச் சுத்திப் போறீங்க. அஞ்சு மாசமா மெர்வ் பேரை ஒருத்தர் வாயிலயும் கேக்கல. அவர் என்ன பொறக்காமலே போயிட்டாரா? படிடி!"

படித்தேன். நாலு வரிதான். நிறுத்தாமல் படித்தேன்.

பிறகு, "இதை எழுதினவ ஹெலிகாப்டர் விழுந்து பார்த்ததே இல்ல" என்றாள். "அந்தச் சத்தம் அப்படி இருக்காது."

அவளே தொடர்ந்தாள். அன்று காலை மெர்வ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியது, ஹெலிகாப்டரின் இறக்கை முதலில் மரத்தில் பட்டது, இவள் ஓடியது, கை சுட்டது. அவர் கடைசியாகச் சொன்ன கெட்ட வார்த்தையையும் சொன்னாள். அழுதாள். இடையிடையே பொத்தானை விட்டு மூச்சு வாங்கினாள். சேனல் அவளுக்காகத் திறந்தே கிடந்தது, டூலன்கூடக் குறுக்கே வரவில்லை.

முடித்துவிட்டு, "நாளைக்கு எங்க விட்டியோ அங்கேருந்து படி" என்றாள். "உன் நெட்டியையே படி. அந்த எழுத்தாளர் அம்மாளோடத விட நல்லாயிருக்கு."