கரைப்பது வேறு, ஒட்டுவது வேறு

அன்பு மகள் பிசிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஞாயிறுதோறும் மன்றாடுகிறேன். அப்பாவுக்கு முதுகுவலி விட்டபாடில்லை, கிழங்குத் தோட்டத்துக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. வைலேலேயில் மரப்பட்டையை அடித்து ஒட்டிப் பட்டைத்துணி செய்யும் நம் பெண்கள் குழுவைப் பக்கத்து ஊர்க் குழுவோடு சேர்க்க வட்டார அதிகாரி செமிசி வந்தார். இனி ஒரே பேர், அதுவும் அவர்கள் பேர், நாம் துணி ஒட்டுகிற நீளப் பலகையும் அங்கே போய்விடுமாம். தேநீரில் சர்க்கரை மாதிரி கரைந்துவிடுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கேட்டேன், ஐயா, படகைக் கட்டுகிறோம், கூரை ஓலையைத் தைக்கிறோம், பூவைக் கோக்கிறோம், பாயை முடைகிறோம், பட்டையை ஒட்டுகிறோம், ஒன்றுசேர்ப்பதற்கு இத்தனை சொல் இருக்க உங்களுக்குக் கரைப்பதுதானா கிடைத்தது என்று. எல்லாம் ஒன்றுதானம்மா, வார்த்தையில் என்ன இருக்கிறது என்று சிரித்தார். விடுவேனா. "கரைஞ்ச சர்க்கரையைத் திரும்ப எடுத்துக் காட்டுவீங்களா? ஒட்டின துணியில ரெண்டு பட்டையும் இருக்கு, ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க. அதனாலதான் அது கிழியல" என்றேன். பலகைக்கு நாளைக்கு லாரி வரும் என்று சொல்லிவிட்டு மனுஷர் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் பலகையைத் தூக்க லாரி வந்து நின்றது. நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டோம், போதகர் மனைவி உட்பட. வேண்டுமானால் எங்களையும் சேர்த்துத் தூக்குங்கள் என்றேன். எங்களில் ஒல்லி யாருமில்லை, உனக்கே தெரியும். அந்தப் பக்கத்து ஊர்க் குழுத் தலைவி கலோலைனேயும் லாரியில் வந்திருந்தாள். சண்டைக்குத்தான் இறங்குகிறாள் என்று நினைத்தேன். அவளோ தன் குழுப் பெண்களோடு பலகைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். "எங்க பேரையும் நாளைக்கு எதுலயாவது கரைப்பாங்க, லோசலினே. நீ நெடுக்க விரி, நாங்க குறுக்க ஒட்டுறோம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. லாரி காலியாகத் திரும்பியது. சாயங்காலம், சேர்ந்து ஒட்டிய துணியின் ஓரத்தில் இரண்டு ஊர்ப் பேரையும் மையால் எழுதினோம். நம் பேர் முதலில், நான்தான் எழுதினேன்.

அடுத்து என்ன உத்தரவு வருமோ, வரட்டும். நீ பயப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, பிள்ளைகளோடு வீட்டில் நம் பேச்சையே பேசு. ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

எங்கும் கரையாத உன் அம்மா,
லோசலினே, வைலேலே