பதினோராவது பின்

இன்று காலை சால்டரிங் முனையில் ரோசின் பிசின் புகைந்ததும் உன் ஞாபகம் வந்தது. உனக்கு அந்த வாசனை ஆகாது. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் வேலை செய்வாய். நீ இறந்துபோய் நான்கு மாதமாகிறது. என்னைத் தனியாக விட்டுப் போன கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொன்முடி மலைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு நாம் செய்த கம்ப்யூட்டர் கார்டை நினைத்துக்கொண்டேன். தேயிலையை உலர்த்தும் டிரையரின் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும். அது ஓடாவிட்டால் திங்கட்கிழமை நீ பம்பாயில் வங்கி வேலையில் சேர வேண்டும் என்பது உன் வீட்டு உத்தரவு. சாலைக் கடைத்தெருவில் எங்கள் ஆணிக்கடை மாடியில் நாம் இருவரும் போட்ட பட்டறைக்கும் அத்தோடு பூட்டு.

கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டில் எந்தப் பின்னில் என்ன சிக்னல் வரும் என்று சொல்லும் புத்தகம் நமக்குத் தெரிந்து ஊரில் ஒன்றே ஒன்று, ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தது. வெளியே தரமாட்டார்கள், உள்ளே நோட்டு கொண்டுபோகக் கூடாது. உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கரமனை அக்ரஹாரத்தில் பக்கத்து வீட்டு வேதபாடத்தைக் கேட்டு வளர்ந்தவள். ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வாசல்படியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம் ராகம் போட்டு ஒப்பிப்பாய். போவோர் வருவோர் சிரிப்பார்கள். நான் எழுதிக்கொள்வேன்.

கார்டு சூட்டைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் பிளாப்பியில் பதியத் தொடங்கினால் போதும், எண்கள் தாறுமாறாகிவிடும். "சனியாழ்ச்ச வரைக்கும் நோக்கலாம். பின்னே வேண்டாம்" என்று மலையாளத் தமிழில் சனிக்கிழமை வரை கெடு வைத்தார் தொழிற்சாலை மேலாளர்.

நீ என் சால்டரிங்கைக் குறை சொன்னாய், நான் உன் டிசைனை. வியாழக்கிழமை நோட்டைப் புரட்டியபோது ஒரு காலிக் கட்டம் கண்ணில் பட்டது.

"ஏட்டி, பத்துக்கு அப்புறம் பன்னெண்டு சொல்லியிருக்க. பதினொண்ணு எங்க?"

நீ கண்ணை மூடி மறுபடி ஒப்பித்தாய். பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். பன்னிரண்டில் எடுத்தாய்.

"மூச்சு விட்ட எடத்துல முழுங்கிட்டேன்டீ" என்றாய். அந்தப் பின்னுக்கு வேலையில்லை போலிருக்கிறது என்று கேட்காமல் விட்டவள் நான்.

நூலகத்துக்கு ஓடினோம். பிளாப்பி நேராக மெமரியோடு பேசும்போது, மற்ற கார்டுகளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வது அந்தப் பதினோராவது பின். அதைக் கேட்க வழியில்லாமல் நம் கார்டு கூப்பிடாத நேரத்திலெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னிலிருந்து ஒரே ஒரு கம்பி இழுத்துப் போட்டோம்.

சனிக்கிழமை பிளாப்பி கரகரவென்று ஓடியது, எண்கள் அசையவில்லை. மேலாளர் மூன்று முறை பார்த்தார். "ரெண்டாமத்த டிரையருக்கும் ஒண்ணு வேணும் கேட்டோ" என்றார். ஜெயித்துவிட்டோம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நீ குதித்தே விட்டாய்.

மலையிறங்கும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் என்மேல் சாய்ந்தபடி வங்கிக்குக் கடிதம் எழுதினாய்.

"எழுத்து கோணுது" என்றேன்.

"வரலேன்னு சொல்றதுக்கு அழகா வேற எழுதணுமா?" என்றாய்.

இன்றும் யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டால், "நாங்க கார்டு டிசைன் பண்றோம்" என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. நாங்க என்றால் யார் யார் என்று கேட்பவர்களிடம் முதலில் உன் பெயரைச் சொல்கிறேன்.