சுரண்டாத சட்டி

மதினி,

இன்று காலை உங்கள் மகளை அடித்துவிட்டேன். மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இருக்கிற பெண்ணை, புறங்கையில், பலமாக. அவள் பிடித்திருந்த எவர்சில்வர் கரண்டி பறந்துபோய் பிரிட்ஜில் மோதி விழுந்தது.

வேலை மாறுதலாகிப் போன மாதம்தான் அவள் விருதுநகருக்கு வந்தாள். அத்தை வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு என்று நான்தான் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாவல்பழம் வாங்கி வந்து, செல்போனில் ஒரு பெண் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஜாம் கிண்டினாள். சர்க்கரை கொஞ்சம் போதும், சியா விதை போட்டால் தானே கெட்டிப்படும் என்கிறாள் அந்தப் பெண். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். நம் சப்ஜா விதைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரிதான் இருந்தது. விலையைப் பார்த்தால் தங்கச்சி பெரிய இடத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அடிபிடிக்கிற வாடை வருகிற வரைக்கும். வாடை வந்ததும் அவள் கரண்டியைச் சாய்த்துப் பிடித்துச் சட்டியின் அடியைச் சர்ரக்கென்று சுரண்டினாள். அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக எழுந்துவிட்டது.

அவள் அழவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் சுரண்டித்தானே செத்தாங்க? அதனாலதானே அத்தை அடிச்சீங்க?"

"எவ சொன்னா?"

"தூத்துக்குடில மாமா வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க. அம்மா சுரண்டுனாங்க, மருந்து வெடிச்சுது, செல்வின்னு ஒருத்தவங்களையும் சேத்துக் கொன்னுட்டாங்கன்னு."

மதினி, இத்தனை வருடமும் இதைக் கேட்டுத்தான் உங்கள் பிள்ளை வளர்ந்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். எங்காவது தப்பியிருந்தால் வந்து காதைத் திருகுங்கள்.

ஏழாயிரம்பண்ணையில் நம் வீட்டில் அப்போது மூன்று பேர். மிளகாய் லோடு ஏற்றிப்போன என் அண்ணன் லாரியோடு கவிழ்ந்து செத்துப்போயிருந்தார். நீங்கள், நான், பாப்பா. இலவச டி.வி. கொடுத்தார்களே, அந்தக் காலம். விடிந்தும் விடியாமலும் பயராபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசுக் கம்பெனியின் வேன் வந்து ஹாரன் அடிக்கும். நீங்கள் பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குப் போவீர்கள், நான் புஸ்வாணப் பூச்சட்டிக்குத் தாள் ஒட்டப் போவேன். பாப்பாவுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை. ஆயுசுக்கும் ஊசிதான் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்ன அன்று, டாக்டர் மேஜையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினீர்கள். பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்!

ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் பாப்பா எப்போது கையை விட்டாள் என்று தெரியவில்லை. கண்டுபிடித்தபோது யாரோ வாங்கிக் கொடுத்த பஞ்சுமிட்டாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். விட்டீர்களே ஒரு அறை! ஆற்று மணலில் குப்புற விழுந்தாள். தூக்கி நிறுத்தி, வாய்க்குள் விரலை விட்டு, கரையாமல் இருந்ததைத் தோண்டி எடுத்தீர்கள். அவள் உங்கள் விரலைக் கடித்தாள், ரத்தம் வந்தது. சுற்றி நின்ற பொம்பளைகள் கத்தினார்கள்.

"பெத்த தாயா இவ? மாரியாத்தா வாசல்ல பச்சப்புள்ளயப் போட்டு இப்பிடி அடிக்கிறா."

"ஆமா, பெத்தவதான். நாளைக்கு இவ கண்ணு சொருகிக் கெடக்கையில வந்து தூக்குவீகளா? ஊசி போடுவீகளா? போங்க அங்கிட்டு!"

திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பா தூங்கிவிட்டாள். கன்னத்தில் உங்கள் விரல்கள் பதிந்திருந்தன. சாத்தூர் வரும்வரை அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் ரொட்டில ஜாம் தடவிக் கொண்டாருதாம் புள்ள. இவ பாத்துக்கிட்டே இருக்கா. சீனி போடாம அத நம்ம செஞ்சிறணும்."

செய்தோம், பார்க்கவேண்டுமே அந்தக் கூத்தை! நாவல்பழத்தைப் பிசைந்து கொட்டை நீக்கி, பேருக்கு ஒரு துண்டு கருப்பட்டி போட்டு அடுப்பில் ஏற்றினீர்கள். சீனி இல்லாமல் பழம் கெட்டிப்படுமா? தண்ணீராகவே கொதித்தது. தண்ணீர் வற்றட்டும் என்று விட்டால் அடிபிடித்தது. நீங்களோ அகப்பையை மேலோட்டமாகச் சுற்றுகிறீர்கள், சட்டியின் அடியைத் தொடவே இல்லை. மருந்து அறையில் சல்லடைக்கு மேல் கை போகுமே, அப்படி.

"அடியச் சுரண்டிக் கிண்டுங்க மதினி, தீயுது!"

"சுரண்டுற பேச்ச எடுத்த, வாய் மேலயே போடுவேன்."

வீடு முழுக்கப் புகை. பழம் அடியில் ஓடுகட்டிக் கரியாகிவிட்டது. அதையும் சுரண்டவில்லை. தண்ணீரை ஊற்றிப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தீர்கள். சோற்றுப் பானை, பால் சட்டி எதுவானாலும் உங்களுக்கு ஒரே வழக்கம்தான். "ஊறட்டும், தானா வரும்." அன்றைக்குத்தான் நான் கேலியாகக் கேட்டேன், ஜாம் சட்டியும் வெடிக்குமா என்று. நீங்கள் சிரிக்காமல் உங்கள் பழைய கதையைச் சொன்னீர்கள்.

உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள், தட்டில் காய்ந்து ஒட்டிய மருந்தைத் தகரத்தால் சுரண்டியிருக்கிறாள். நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம். "அந்தச் சத்தந்தான் புள்ள கடைசி. அப்புறம் ரொம்ப நாளு காதே கேக்கல. இந்தச் சட்டி வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இங்கன சுரண்டிப் பழகுன கை அங்கனயும் சுரண்டிரும்."

அடுத்த வாரம் பாப்பாவுக்கு ஊசி மருந்து வாங்க விருதுநகர் போனபோது, பஜாரில் நாட்டு மருந்துக்கடை பாயிடம், சீனி இல்லாமல் பழத்தைக் கெட்டிப்படுத்த வழி கேட்டீர்கள். அவர் ஒரு பொட்டலம் சப்ஜாவை நீட்டினார். "நோன்பு தொறக்கையில நாங்க சர்பத்துல போடுவோம் தாயி. கொஞ்சம் போட்டா அம்புட்டுத் தண்ணியையும் இழுத்துக்கிடும்." பழத்தை ஒரே கொதியில் இறக்கி, மசித்து, விதையைப் போட்டுக் கலக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தீர்கள். நெருப்பும் இல்லை, சுரண்டலும் இல்லை. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து பார்த்தால் அகப்பை நட்டமாக நின்றது. என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். பாப்பா ரொட்டியில் தடவித் தின்று, பல்லெல்லாம் ஊதாவாகி, இன்னும் வேணும் என்று தட்டைத் தரையில் அடித்தாள். அந்த மாதம் முழுக்க உங்கள் கை பகலில் அலுமினியப் பவுடரில் வெள்ளியாகவும், சாயங்காலம் நாவல் சாற்றில் கருநீலமாகவும் இருந்தது. நகக்கண்ணில் கறை போகவே இல்லை.

ஆவணி பிறந்துவிட்டது, தீபாவளி சீசன். அன்று கலவை அறைக்கு ஆள் வராததால் போர்மேன் என்னை அங்கே தள்ளிவிட்டான். வானத்துப் பட்டாசுக்கு உருட்டுகிற ஈர மருந்து முந்தின நாள் தட்டுகளில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றீர்கள். போர்மேன் வாசலில் நின்று குதித்தான்.

"ஊற வச்சு, காய வச்சு, எப்ப எடுப்ப? சாயங்காலம் வடநாட்டு ஆர்டர் லோடு ஏறணும். தகரத்தப் போட்டுச் சுரண்டுங்கடி."

"நீரு வந்து சுரண்டும். நான் வெளிய நின்னு பாக்கேன்."

"உன் பேச்செல்லாம் வீட்டோட வச்சுக்க. ஏ செல்வி, நீ சுரண்டு. இல்லன்னா நாளைக்கு வேன்ல ஏறாத."

தகரத் துண்டைச் செல்வி மடியில் எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். செல்விக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் அதிகம். பயத்தில் வேர்த்து உட்கார்ந்திருந்தாள். "தொடாத. தண்ணி கொண்டாரேன்" என்று வாளியோடு தொட்டிக்கு ஓடினீர்கள். அவள் தொட்டுவிட்டாள். சர்ரக்கென்று சத்தம் கேட்டது. அப்புறம் தட்டின் ஓரத்தில் சீறிக்கொண்டு ஒரு வெளிச்சம். எனக்குக் கால் எழும்பவில்லை மதினி.

நீங்கள் வாளியை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்ததைத்தான் பார்த்தேன். என் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தீர்கள். கழுத்து முறிந்தது என்றே நினைத்தேன். தோல் கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. வாசற்படியில் முட்டி இடித்தது, இடுப்பில் உங்கள் கால் உதைத்தது, வேலிக்கம்பிப் பக்கம் மண்ணில் போய் விழுந்தேன். "ஓடு நாயே!" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அப்புறம் செல்விக்காக உள்ளே திரும்பினீர்கள்.

அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை, கூரை இல்லை. என் முடிக்கொத்தும் உங்களோடு போய்விட்டது. உங்கள் வலது கையைக் கண்டுபிடித்தது நான்தான். முள்வேலிக்கு அந்தப் பக்கம், சோளக்காட்டு வரப்பில் கிடந்தது. யாருடைய கை என்று போலீஸ்காரர் கேட்டார். நகக்கண்ணைக் காட்டினேன்.

விசாரணைக்கு அதிகாரி வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்குத் தலையெல்லாம் கட்டு. போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னான்: "நான் ஊறவைக்கத்தான் சார் சொன்னேன். அந்தப் பொம்பளதான் அவசரப்பட்டுச் சுரண்டிருச்சு."

நான் பார்த்ததைச் சொன்னேன். தலையில் அடிபட்டவள் பேச்சு என்று ஒதுக்கினார்கள். வீட்டுக்கு ஓடினேன். ஜாம் தீய்ந்த அந்த ஈயச்சட்டி, கரி விடாமல், பின்வாசலில் அப்போதும் ஊறிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்து அதிகாரி முன்னால் வைத்தேன். "பாருங்க சார். ஒரு கீறல் இருக்கா? தீஞ்ச ஜாம் சட்டியவே சுரண்டாதவ சார். இவளா மருந்தச் சுரண்டுவா?"

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதுல என்னம்மா இருக்கு? வெறும் கரி." போர்மேன் சிரித்தான். வாய்க்குள்தான் சிரித்தான், ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் வாயிலேயே போட்டேன். முன்பல் தெறித்து அதிகாரியின் செருப்புப் பக்கம் விழுந்தது. மறுபடியும் ஓங்கினேன், பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் வரை போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். தொழிலாளி கவனக்குறைவு என்றே முடித்தார்கள். உங்கள் அண்ணன் அந்தப் பேச்சையும் பாப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். எத்தனை தடவை போய் நின்றாலும் என்னை வாசலோடு அனுப்பினார். போர்மேன் இப்போது சிவகாசியில் சொந்தமாகப் பட்டாசுக்கடை வைத்திருக்கிறான். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். முன்பக்கம் தங்கப்பல் கட்டியிருக்கிறான். இன்னும் ஒன்றைச் சேர்த்து உடைத்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பரணில் இருந்து சட்டியை இறக்கி உங்கள் மகள் மடியில் வைத்தேன். வெளியே ஒரு நெளிவு, அது போர்மேனுடைய பல். உள்ளே அடியில் கரி அப்படியே மினுமினுவென்று இருக்கிறது. அவள் சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கோடு தேடினாள் என்று எனக்குத் தெரியும். விரலால் சுற்றிலும் தடவினாள். அப்புறம் நான் தலையைக் குனிந்து, முடியை விலக்கி, உச்சியில் முடி முளைக்காத அந்த இடத்தைக் காட்டினேன்.

விரலை அங்கே வைத்தாள். "ரொம்ப வலிச்சுதா அத்தை?"

"உங்கம்மா பிடிச்சா வலிக்காம இருக்குமா? ஆளக் கொல்ற பிடி."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உடைந்து அழுதாள். மடியிலிருந்த சட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா சுரண்டல. எங்கம்மா சுரண்டல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அடிபிடித்த ஜாம் சட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு, ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஊறட்டும் அத்தை."

இப்போது சாயங்காலம். மேற்கே மழை கட்டி நிற்கிறது. மழை வருவதற்கு முன்னால் என் உச்சியில் அந்த இடம் அரிக்கும், நீங்கள் பிடித்த இடம். இப்போதும் அரிக்கிறது. கை அதுபாட்டுக்கு மேலே போகிறது. வைத்து அமுக்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். சொறிவதில்லை மதினி.