நாற்காலியிடம் சொன்னது

ஜனவரி 21, செவ்வாய்

வேலைக்காரப் பெண் போய்விட்டாள். என் வீட்டுக்காரர், நபோசா அப்பா, பிளாஸ்க்கை எடுத்து அவள்மேல் வீசியிருக்கிறார். தோளில் பட்டிருக்கிறது. நல்லவேளை, வெந்நீர் கொட்டவில்லை. "அக்கா, அவர் முன்னாடி நல்லவர்தான், எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அம்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளைச் சொல்லி என்ன? எனக்கும்தான் கிளம்ப வேண்டும் போலிருந்தது.

அக்டோபரில் அந்த வாடகை பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்தார். நவம்பர் நடுவில் கம்பாலா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார். வலது கை மட்டும் நடுங்குகிறது. டம்ளரைப் பிடித்தால் பாதி தேநீர் சட்டையில்தான். "மூளையில் அடிபட்ட இடம் அப்படி, நாளாகும்" என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும்?

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பதிமூன்று நாள். நாலாம் வகுப்பு, எழுபத்தொரு பிள்ளைகள். இனி லீவு கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

ஜனவரி 23

இன்று என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து நேரே இங்கே வந்தாள் பெர்பெத்துவா அண்ணி. அவருடைய அக்கா, எட்டுப் பிள்ளை பெற்றவள். அவள் பேச ஆரம்பித்தால் வீட்டு ஓடுகூட எழுந்து நிற்கும். தம்பியைப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரெஸ்தி, அவன் எங்க வீட்டுப் பிள்ளை. கிராமத்துக்குக் கொண்டுபோறேன். பின்கட்டு அறை காலியாத்தான் கிடக்கு."

"வெளியில தாழ்ப்பாள் போட்ட அறையா அண்ணி?"

"அப்புறம்? திறந்து விட்டா ரோட்டுக்குப் போவான். நீ பள்ளிக்கூடத்துக்குப் போனா இங்க யார் பாத்துப்பா? நீயே சொல்லு."

பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் ஆள் இல்லையென்றால் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் செய்கிறவள். அந்த அறையை எனக்குத் தெரியும். அவருடைய சித்தப்பாவை அதில்தான் வைத்திருந்தார்கள். அவரை வெளியே தூக்கி வந்த அன்று நானும் இருந்தேன்.

கொடுக்க மாட்டேன். ஆனால் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

ஜனவரி 29

ஒரே ஆள்தான் மிச்சம். அம்மா. அவளைக் கூப்பிடவே கூடாது.

மாமியார் மருமகனைத் தொடக்கூடாது. ஒரே கூரையின் கீழ் தூங்கக்கூடாது. எதிரே உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. மீறினால் ஒபுகோ பிடிக்கும், சாகும்வரை கைகால் நடுங்கும் என்பார்கள். நான் படித்தவள், டீச்சர். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அதிலும் இவர்! ஊரில் மற்ற மருமகன்கள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போவார்கள். இவர் அம்மாவைத் தூரத்தில் பார்த்தாலே சைக்கிளைப் போட்டுவிட்டு வாழைத்தோப்புக்குள் ஓடிவிடுவார். நபோசா பிறந்தபோது அம்மா வந்து மூன்று வாரம் இருந்தாள். அந்த மூன்று வாரமும் காப்பி மில்லில் மூட்டைமேல்தான் இவருக்குப் படுக்கை. "ஃபோர்மேன் முபிருவை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்க" என்று மில்லில் இவரைக் கேலி செய்தார்கள். "மாமியாருக்குக் குடுக்கிற மரியாதையில குறை வைக்கக்கூடாது ரெஸ்தி" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

சாயங்காலம் போன் செய்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வீட்டுல பெரிய போர்வை இருக்கா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா தன் ஊர் கியோடெராவிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். என் தம்பியிடம் காப்பித் தோட்டத்தை ஒப்படைத்துவிட்டாளாம். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி எங்கள் கல்யாணப் போர்வையைத் தொங்கவிட்டாள். ஜன்னல் பக்கம் அவர், அடுக்களைப் பக்கம் அவள். தூங்குவதற்குப் பக்கத்து வீட்டு நலோங்கோ, இரட்டைப் பிள்ளைக்காரி, ஓர் அறை கொடுத்திருக்கிறாள்.

மருமகனோடு நேராகப் பேசவும் அம்மாவுக்கு வாய் வரவில்லை. தன் பக்கம் கிடந்த கால் உடைந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறாள்.

"நாற்காலியே, உன் எஜமான் மாத்திரை போட்டாச்சா?"

போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் அறையெல்லாம் தேடினார். "யார் பேசுறது?" நபோசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்பது வயதுப் பெண் அக்டோபருக்குப் பிறகு இன்றைக்குத்தான் இப்படிச் சிரிக்கிறாள்.

பிப்ரவரி 3

பள்ளிக்கூடம் போனேன். பெர்பெத்துவா அண்ணி வண்டியோடு வந்திருக்கிறாள். போர்வைக்குப் பின்னாலிருந்து அம்மா, "இங்க ஆள் இருக்கு" என்றாளாம். அண்ணி போர்வையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 12

மத்தியானச் சாப்பாட்டைத் துடைப்பக் கட்டையால் போர்வைக்கு அடியில் தள்ளுகிறாள் அம்மா. இன்று வேர்க்கடலைக் குழம்பு பாதி தரையில். தட்டை அவர் திருப்பித் தள்ளியிருக்கிறார். அவருக்கு அது விளையாட்டு. "உன் புருஷனுக்கு நான் மாமியாரா, கோல் கீப்பரா?" என்கிறாள்.

களைத்துப் போய்விட்டேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் எழுத்து நீந்துகிறது.

பிப்ரவரி 19, புதன்

நடந்துவிட்டது.

பதினொரு மணிக்கு அவருக்கு வலிப்பு. அந்தப் பக்கம் தொபுக்கென்று விழுந்த சத்தம். அம்மா நாற்காலியிடம் மூன்று தடவை கேட்டாளாம், "உன் எஜமானுக்கு என்னாச்சு?" என்று. மூன்று தடவை! நாற்காலி எங்கே பதில் சொல்லும்? போர்வையைக் கிழித்துக்கொண்டு போய், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டிருக்கிறாள். நலோங்கோ என் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். நான் வந்து பார்க்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் நீளமான கோமேசி அங்கியெல்லாம் அவருடைய எச்சில். அம்மா அசையவில்லை.

"தொட்டுட்டேன்டி" என்றாள்.

"பரவால்லம்மா."

"உனக்குப் பரவால்ல. மூணு தடவை கேட்டுக்கிட்டு நின்னேனே, அந்த நேரத்துல உயிர் போயிருந்தா?" அழுதாள். அப்பா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் வருகிறதா என்று.

பிப்ரவரி 20

போர்வையை இறக்கிவிட்டோம். தைத்துக் கட்டிலில் விரித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவர் அம்மாவை "அம்மா" என்றே கூப்பிடுகிறார். பெற்றவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா, தெரியவில்லை. பெற்றவள் அவரது ஏழாவது வயதில் போய்விட்டாள். அம்மா கஞ்சியை ஊட்டினால் வாயைத் திறக்கிறார். நான் ஊட்டினால் தட்டிவிடுகிறார்.

எரிச்சலாக இருக்கிறது. என் புருஷன், என் அம்மா. நடுவில் நான் சம்பாதித்துக் கொண்டுவருகிற ஆள், அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்ல முடியும்? நல்லது செய்கிறவளிடம் பொறாமைப்படுகிறேன் என்றா?

மார்ச் 18

இன்று உப்பு டப்பாவைக் கஞ்சியில் கவிழ்த்தார். நபோசாவின் வீட்டுப்பாட நோட்டைக் கிழித்தார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். நபோசா காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன், வேறு எங்கேயும் சொல்ல முடியாது. அவர் அக்டோபரிலேயே போயிருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்தானா?

மார்ச் 19

அம்மா ஒரு முறம் காப்பிக்கொட்டையை அவர் முன்னால் வைத்தாள். கறுத்ததை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம். மில்லில் இருபது வருஷம் பார்த்த வேலை. நடுங்கும் கையோடு மத்தியானம்வரை பொறுக்கியிருக்கிறார். ஒரு தப்புகூட இல்லை என்கிறாள். நான் தேடிப் பார்த்தேன். இரண்டு இருந்தது. எடுத்து ஒளித்துவைத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பெர்பெத்துவா அண்ணி சொல்லாமல் வந்தாள். கோழியும் வாழைக்காயும் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தாள். உள்ளே அம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியின் கையிலிருந்த கோழி கீழே விழுந்து அடுக்களைக்குள் ஓடியது. யாரும் துரத்தவில்லை.

"தொடுறீங்களா?"

அம்மா துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"பாரு, அவன் கையைப் பாரு. ஒபுகோ! நான் அப்பவே நினைச்சேன். வைத்தியத்துக்கு ஏன் கேக்கலைன்னு இப்பத்தானே தெரியுது. உங்கம்மாவே என் தம்பியை முடிச்சுட்டாங்க, ரெஸ்தி."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதே நடுங்கியது என்றேன். இந்த நோட்டை எடுத்துக்கொண்டுபோய் ஜனவரிப் பக்கத்தைக் காட்டினேன். "நீ எழுதினதுதானே" என்றாள். நான் எழுதியதுதான். வேறு யார் எழுதுவார்கள்?

அடுத்த ஞாயிறு குடும்பக் கூட்டம். அவருடைய பெரியப்பா வருகிறார். தீர்மானம் அவர் கையில். அன்றைக்கே வண்டியும் வருமாம்.

ஏப்ரல் 24

வகுப்பில் கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெரியப்பா, அண்ணி, இன்னும் நாலு ஆண்கள். அம்மா வாசற்படிக்கு வெளியே பாயில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

"உண்மையா?" என்று பெரியப்பா கேட்டார்.

"உண்மைதான் ஐயா, தொட்டேன். தினமும் தொடுறேன்" என்றாள் அம்மா. "ஒபுகோ வந்தா ரெண்டு பேருக்கும் வரும்னுதானே பெரியவங்க சொல்வாங்க?"

"ஆமா."

அம்மா நபோசாவைக் கூப்பிட்டாள். "தேநீர் கொண்டுவா. விளிம்புவரைக்கும் ஊத்து."

கோப்பையை வலது கையில் வாங்கி நேராக நீட்டினாள். ஆவி பறந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளி விழவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு குடித்தாள்.

"என் கைக்கு வராதது அவர் கைக்கு மட்டும் எப்படி வரும்?"

அண்ணி வாயைத் திறந்தாள். பெரியப்பா கையைக் காட்டினார். அவன் இங்கேயே இருக்கட்டும், வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்றார். வண்டி காலியாகத் திரும்பியது. போகும்போது அண்ணி தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தம்பிமேல் உயிர்தான். கோழியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மாவைப் பார்த்தேன். கை இரண்டும் அப்படி உதறிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"பயந்துட்டேன்டி, அதான், வேற ஒண்ணுமில்ல" என்றாள். கால்மணி நேரத்தில் நின்றுவிட்டது. அந்தக் கால்மணி நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மே 15

நபோசாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருந்து இன்னொரு தடவை கூப்பிடவைத்தாள்.

ஜூன் 11

வலிப்பு இல்லை, நாற்பது நாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை அனுப்புகிறார்கள், பொறுக்கித் தரச் சொல்லி.

ஜூன் 22

"அந்த பைக்குக்காரன் பொழச்சானா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவை. பிழைத்தான் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கொட்டை பொறுக்கப் போனார்.

ஜூலை 5, சனி

காலையில் வாசலில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றியிருந்தார். அம்மா வழக்கம்போலக் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியை நீட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார், எழுந்தார், வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். செருப்புகூட இல்லை.

ரோட்டுக்குப் போகிறார் என்று நினைத்து அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன். வாழைத்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். ஓர் இலையை இழுத்து மார்பை மறைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா வந்திருக்காங்க ரெஸ்தி" என்றார் மெதுவாக. "நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் சட்டைகூடப் போடல. என்ன நினைச்சிருப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சட்டையை எடுத்து வா, சட்டையை எடுத்து வா என்று அவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

உள்ளே போனால் அம்மா கட்டிலிலிருந்து போர்வையை உருவிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தைத்த இடம் நடுவில் கோணலாகத் தெரிந்தது. பிறகு தன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"இருந்துட்டுப் போயேன்மா. போர்வை இருக்கே."

"புத்தி தெளிஞ்ச மனுஷனை எத்தனை நாள் வாழைத்தோப்புல நிக்கவெப்ப?"

காலைப்பொழுது இனி அவர் தனியாக இருந்துகொள்வார், மத்தியானம் நலோங்கோ எட்டிப் பார்ப்பாள் என்று பேசி முடித்தோம். கிளம்பும்போது அம்மா நாற்காலியின் முன்னால் நின்றாள்.

"நாற்காலியே, உன் எஜமான்கிட்ட சொல்லு. கஞ்சி மூடி வெச்சிருக்கு. உப்பு டப்பா மேல் பலகையில. கையை ரொம்ப வருத்திக்க வேணாம்."

பின்பக்கத்துச் சுவருக்கு வெளியே இருந்து குரல் வந்தது. "நாற்காலி, நீயும் அவங்ககிட்ட சொல்லு. பாத்துப் போகச் சொல்லு. வந்தவங்களைக் கவனிக்கலைன்னு நினைச்சுக்க வேணாம், எனக்கு உடம்பு சரியில்லாம இருந்ததுன்னு சொல்லு."

அம்மா கோமேசி நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டாள், "நான் ஊட்டினது, அம்மான்னு கூப்பிட்டது, அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்காதில்ல?"

"இருக்காதும்மா" என்றேன்.

"நல்லது. தெரிஞ்சா வெக்கத்துல செத்துடுவாரு" என்றாள். அப்புறம் பஸ் வரும்வரை கோமேசி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.